அப்பாவின் கைராசி

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று நட வேண்டுமென்றால்கூட, அம்மா பக்கத்து வீட்டு மாமாவைத்தான் கூப்பிடுவார். குழி தோண்டுவது அப்பா. எருவைக் கலப்பதும் தண்ணீர் சுமந்து வருவதும் அப்பா. ஆனால் கன்றைக் கையில் எடுத்துக் குழியில் வைக்கும் நேரம் வந்ததும், அவர் மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். "என் கை வேண்டாம், நீங்க வைங்க" என்பார். மாமா வைப்பார். கன்று தழைக்கும்.

தன் கைக்கு ராசி இல்லை என்று ஒரு மனிதர் உறுதியாக நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இரண்டு ஏக்கர் செம்பனை. அது பொய்யென்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு பல்கலைக்கழக விரிவுரை தேவைப்பட்டது. அந்தக் கதையைத்தான் இந்த இதழின் வழியே நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்பா தம் பதினாறாம் வயதில் தோட்ட வேலைக்குப் போனவர். முதலில் பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குலை வெட்டினார். 2009இல் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். இழப்பீடாகக் கிடைத்தது கொஞ்சம், தாத்தாவின் சேமநிதி கொஞ்சம், அம்மாவின் நகை கொஞ்சம் என எல்லாவற்றையும் திரட்டி இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார். "இனிமே அடுத்தவன் மரத்துல குலை வெட்ட வேணாம்" என்று அவர் சொன்னபோது நான் பத்து வயதைத் தாண்டியிருந்தேன். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நிலம் வாங்கியதில் பணம் தீர்ந்துபோனது. உரிமம் பெற்ற நாற்றுமேடையில் கன்று வாங்க வழியில்லை. ஆனால் அப்பாவிடம் முப்பதாண்டு அனுபவம் இருந்தது. தாம் குலை வெட்டிய பகுதியில் எந்த மரம் நன்றாகக் காய்க்கும், எதன் பழத்தில் சதை அதிகம், எதன் ஓடு மெல்லியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மரங்களின் அடியில் உதிரிப்பழங்கள் விழுந்து தாமாக முளைத்திருந்த கன்றுகளைத் தேடித்தேடிப் பிடுங்கி வந்தார். தோட்டத்தைப் பொறுத்தவரை அவை களை. மருந்தடித்துக் கொல்லப்பட வேண்டியவை. அப்பாவுக்கு அவை எங்கள் எதிர்காலம். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை நம்பாத தமிழர் உண்டா? பையில் போட்டு ஓராண்டு வளர்த்து, 2010இல் தம் கையாலேயே நட்டார்.

மூன்றாண்டுகளில் மரங்கள் காய்க்கத் தொடங்கின. அப்போதுதான் குழப்பமும் தொடங்கியது. பல மரங்கள் நல்ல குலை தந்தன. சில மரங்களின் பழத்தை வெட்டினால் ஓடு கல்லைப்போல் தடித்திருந்தது. இன்னும் சில மரங்களில் பிஞ்சுக் குலைகள் முதிராமலேயே அழுகின. வேடிக்கை என்னவென்றால், காய்க்காத அந்த மரங்கள்தாம் தோப்பிலேயே உயரமானவை, பசுமையானவை. "இவ்ளோ செழிப்பா இருக்கு, அடுத்த வருஷம் காய்க்கும்" என்று அவற்றுக்கு மட்டும் கூடுதலாக உரம் வைத்தார் அப்பா. அடுத்த வருடமும் காய்க்கவில்லை. அதற்கடுத்த வருடமும் காய்க்கவில்லை.

பழம் வாங்கும் தவுக்கே எங்கள் குலைகளைப் புரட்டிப் பார்த்து விலையைக் குறைத்தார். எஸ்.பி.எம். முடித்திருந்த அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செம்பனையிலிருந்து வரும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. வரவில்லை. அக்கா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்திருந்த பெரியப்பா, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "உன் கைக்கு ராசி இல்லடா தம்பி" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். அப்பா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

2018இல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையில் இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் மரபியல் பாடம். மெண்டல் பட்டாணிச் செடிகளோடு வருவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் விரிவுரையாளரோ திரையில் மூன்று செம்பனைப் பழங்களின் குறுக்குவெட்டைக் காட்டினார். ஒன்றில் தடித்த ஓடு. ஒன்றில் மெல்லிய ஓடு; அதைச் சுற்றிக் கறுப்பு நார்ப் புள்ளிகளால் ஒரு வளையம். மூன்றாவதில் ஓடே இல்லை. என் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவை எங்கள் தோப்புப் பழங்கள்!

தடித்த ஓடு உடையது டூரா. ஓடு இல்லாதது பிசிஃபெரா. அதன் பெண் குலைகள் பெரும்பாலும் முதிராமல் அழுகிவிடும். இரண்டுக்கும் பிறந்த பிள்ளை டெனேரா. மெல்லிய ஓடு, நிறையச் சதை, டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய்.

நம் நாட்டுச் செம்பனையின் கதையும் டூராவில்தான் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் வாரிசுகள் சுமத்திராவின் டெலி வட்டாரத்துக்குப் பரவின. அங்கிருந்து வந்த விதைகளைக் கொண்டு 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. எல்லாம் தடித்த ஓட்டு டூரா. ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்பதைப் பெல்ஜியக் காங்கோவில் ஆய்வு செய்த பெய்ர்னார்ட், வாண்டர்வெய்ன் என்ற இருவர் 1941இல் வெளியிட்டார்கள். அதன் பயனாக 1960களில் நம் தோட்டங்கள் டெனேராவுக்கு மாறின.

அந்த மரபணு எது என்பது 2013இல்தான் தெரிந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜிந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மரபணுத் தொகுதி என்பது ஓர் உயிரின் முழுக் கட்டளைப் புத்தகம். செம்பனையின் புத்தகத்தில் சுமார் 180 கோடி எழுத்துகள். அவற்றில் ஏறத்தாழ 34,800 மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தார்கள். மனிதருக்கோ புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000தான். இத்தனை பெரிய புத்தகத்தில், 'ஷெல்' என்று பெயரிடப்பட்ட மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் ஓடு மறைகிறது. அந்த மரபணு செய்யும் புரதம் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு "ஓடு கட்டு" என்று ஆணையிடும் மேற்பார்வையாளர் போன்றது. எழுத்து மாறினால் அதன் பிடி நழுவுகிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் நன்றாக இருந்தால் டூரா. இரண்டும் மாறியிருந்தால் பிசிஃபெரா. ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் டெனேரா. ஆக, டெனேராவின் சிறப்பு கலப்பில் இருக்கிறது. கலப்பு அப்படியே பிள்ளைக்குப் போகாது. டெனேராவும் டெனேராவும் சேர்ந்தால் நான்கில் ஒன்று டூரா, இரண்டு டெனேரா, ஒன்று பிசிஃபெரா.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அப்பாவைத் தோப்புக்கு அழைத்துப் போனேன். எதற்கென்று சொல்லவில்லை. சாக்குக் கட்டியும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டேன். பழத்தை அப்பா கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்ட, நான் மரத்தில் குறியிட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் பிடித்தது. நின்றிருந்த மரங்கள் 112. தடித்த ஓடு 31. மெல்லிய ஓடு 55. காய்க்காதவை 26. மெண்டலின் கணக்குப்படி வர வேண்டியவை 28, 56, 28. நோட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே மட்டைக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, இது உங்க கை இல்லப்பா. கணக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஐம்பது காசு நாணயம் இரண்டை எடுத்தேன். ஒன்று தாய், ஒன்று தந்தை என்று சொல்லி, இரண்டையும் சேர்த்துச் சுண்டச் சொன்னேன். இரண்டும் பூ விழுந்தால் தடித்த ஓடு. இரண்டும் தலை விழுந்தால் காய்க்காத மரம். கலந்து விழுந்தால் நல்ல மரம். நாற்பது தடவை சுண்டினார். நான் எழுதினேன். பட்டியலை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஆனா நான் நல்ல மரமாப் பாத்துத்தானே எடுத்தேன்?"

அதுதான் என்னையும் வருத்திய கேள்வி. பழத்தின் ஓடு தாய்மரத்தின் உடம்பு. அதைப் பார்த்துத் தாயைப் பற்றிச் சொல்லலாம். உள்ளே பருப்பில் உறங்கும் கன்றைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பா மெல்லிய ஓட்டுத் தாய்களைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்தார். அந்தத் துல்லியமே நான்கில் ஒரு பங்கை மலடாக்கியது. தோட்டத்தில் எங்கேனும் நின்ற தடித்த ஓட்டு மரத்தின் கன்றுகளை எடுத்திருந்தால், டெனேரா மகரந்தத்தோடு சேர்ந்து பாதி டூராவும் பாதி டெனேராவும் கிடைத்திருக்கும். காய்க்காத மரம் ஒன்றுகூட வந்திருக்காது. அதாவது, தேர்ந்த கண் இல்லாதவர் ஒருவேளை தப்பித்திருப்பார்!

விதை நிலையங்களில் டூரா தாயின் பெண்பூவைப் பையிட்டு மூடி, பிசிஃபெரா மகரந்தத்தை மட்டும் உள்ளே தூவுகிறார்கள், அப்படிப் பிறப்பவை மட்டுமே எல்லாம் டெனேரா என்று விளக்கினேன். அப்பா உயர்ந்து நின்ற அந்த மரங்களை அண்ணாந்து பார்த்தார். "அப்போ இந்தக் காய்க்காத மரந்தான் நல்ல மரத்துக்கெல்லாம் அப்பனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்து ஆண்டுகளில் அந்தத் தோப்பில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றும் சொன்னேன். 1980களில், ஒரே மரத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் நகலெடுத்து வளர்த்த செம்பனைக் கன்றுகள் சிலவற்றில் பழங்கள் உருக்குலைந்து போயின. எல்லா நகல்களுக்கும் ஒரே மரபணுத் தொகுதிதானே, பிறகேன் வேறுபாடு? 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். எழுத்துகள் மாறவில்லை. ஓரிடத்தில் எழுத்தின்மேல் இருக்க வேண்டிய மெத்தில் என்னும் சிறு வேதிக் குறி அழிந்திருந்தது. அதனால் பூவை அமைக்கும் மரபணு ஒன்று தவறாகப் படிக்கப்பட்டது. அந்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? கர்மா! குறி இருந்தால் நல்ல கர்மா, அழிந்தால் கெட்ட கர்மா என்றே எழுதியிருக்கிறார்கள். "அவங்களுக்கும் அந்த வார்த்தை தேவைப்படுது பாரு" என்றார் அப்பா.

"வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்பா வினை எதையும் விதைக்கவில்லை. ஒரு கலப்பினத்தின் விதையை, அது கலப்பினம் என்று சொல்ல ஆளில்லாமல் விதைத்தார். முப்பதாண்டு குலை வெட்டியவருக்கு, அந்தக் குலை எப்படிப் பிறக்கிறது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்கு இல்லாமல் போனது ராசி அல்ல, ஒரு விரிவுரை. நம்மில் பலரும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் இங்கே வந்திருக்கிறோம். நாம் கற்பதை நம் வீட்டுக்கு, நம் மொழியில், எடுத்துச் செல்லாவிட்டால் எந்தப் பயனும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இந்த விளக்கம் இழந்ததை மீட்டுத் தரவில்லை. அக்காவின் அந்தக் கல்லூரி இடம் போனது போனதுதான். நாணயக் கதையை அக்காவிடம் சொன்னபோது, "எனக்கு அப்பா மேல கோபமே இருந்ததில்ல. அப்பாவுக்குத்தான் அவர் மேல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் அப்பா அந்த 26 மரங்களையும் சாய்த்தார். வெயில் விழுந்த இடைவெளிகளில் வாழை வைக்கலாம் என்று முடிவானது. அம்மா வழக்கம்போல் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஆளனுப்பப் போனார்.

"வேணாம், நானே வைக்கிறேன்" என்றார் அப்பா.