மூச்சுக்கு ஒரு ப்ளூ பிரின்ட்!

'ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறோம் மச்சி?' - மெக்கானிக்கல் பசங்க வாயில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும் கேள்வி. எனக்குப் பதில் கிடைச்சது ஒரு எலும்பு நோயில்!

நோயின் பெயர் மார்க்கியோ. உருகுவே நாட்டுக் குழந்தை மருத்துவர் லூயிஸ் மார்க்கியோ 1929-ல் இதைப் பற்றி எழுதினார். ரொம்ப அபூர்வமான மரபணுக் கோளாறு. இதில் 'ஏ' வகை வந்தால், ஒரு என்சைம் சரியா வேலை செய்யாது, எலும்பு ஒழுங்கா வளராது. பலர் நாலடி உயரத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆனா, அறிவில் ஒரு குறையும் கிடையாது பாஸ்.

சிக்கல் எங்கே? நெஞ்சுக்கூடு வளராமல் நின்றுவிட, மூச்சுக்குழாய் மட்டும் நீண்டுகொண்டே போகும். சின்னப் பெட்டிக்குள் நீளமான ஹோஸைத் திணிச்சா..? நெளியும், மடங்கும். போதாக்குறைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வேறு அதை அமுக்கும். இங்கேதான் நம்ம பாய்சொய் ஃபார்முலா என்ட்ரி! குழாயின் ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும்போதே தடை இரண்டு மடங்கு இல்லை... 16 மடங்கு! குனிந்தால் குழாய் இன்னும் குறுகும் என்பதால், பலர் தலையை அண்ணாந்தே வைத்திருப்பார்கள்.

'ஆபரேஷன் பண்ணிடலாமே?' என்பீர்கள். மயக்க மருந்து கொடுத்து ட்யூப் இறக்குவதே பெரிய கண்டம். கழுத்தெலும்பு உறுதியாக இருக்காது. தலையைக் கொஞ்சம் அதிகமாக வளைத்தாலும் தண்டுவடம் நசுங்கலாம். அதனால், கத்தி எடுக்கும் முன்பே பாதி யுத்தம் முடிந்திருக்கணும். சி.டி. ஸ்கேனை வைத்து கம்ப்யூட்டரில் அந்தக் குழாயை முப்பரிமாணத்தில் உருவாக்கி, எங்கே அமுக்குது, எந்த சைஸ் ட்யூப், எந்த வழி என்று முடிவுபண்ணணும். மயக்க மருந்து, தொண்டை, எலும்பு, இதய டாக்டர்கள் சேர்ந்து உட்காரணும். அமெரிக்காவின் டெலவேரில், நெமோர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் அமுக்கும் ரத்தக்குழாயை இடம் மாற்றி, உபரி மூச்சுக்குழாயை வெட்டியெடுத்து இணைத்திருக்கிறார்கள்.

2014-ல் அமெரிக்கா அனுமதித்த என்சைம் மருந்து ஒன்று உண்டு. வாராவாரம் நரம்பில் ஏற்றணும். ஆனா, நெளிந்துபோன குழாயை அது நிமிர்த்தாது.

'ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?' என்கிறார் அப்பா. தெரியலைப்பா! ஆனா, என் ஃபைனல் இயர் புராஜெக்ட், நெளிந்த குழாயில் காற்றோட்டம்தான். நோயாளிகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அதுக்காக அவங்க மூச்சு மட்டும் மலிவா என்ன?