வெள்ளிக்கிழமை மதியத்தின் நான்கு மூலைகள்

"வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வாங்க சார். ஒண்ணே ஒண்ணு. பிள்ளைங்க செய்றதப் பாத்து 'இது என்ன?'ன்னு மட்டும் கேட்டுறாதீங்க" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார் அந்த ஆசிரியை.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், செட்டிகுளத்திலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு சாலையில் இருக்கிறது அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. நான் போய் இறங்கியபோது பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வெங்காயம் பிடுங்கும் சமயம். காற்றெல்லாம் வெங்காயத் தாளின் வாசம்.

அறைக்குள் மேசை நாற்காலி கிடையாது. நான்கு மூலையிலும் பாய் விரித்திருந்தது. சுவரை ஒட்டித் தரையிலிருந்தே தொடங்கும் தாழ்வான கரும்பலகை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, அதில் படங்கள் தொங்கின. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. செயல்வழிக் கற்றல் விட்டுப்போன வீடு இது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய முறை அது. ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி அனுபவத்திலிருந்து எடுத்தது. ஏணிப்படி, அட்டைகள், தட்டுகள், தாழ்நிலைக் கரும்பலகை, கம்பிப் பந்தல் எல்லாம் அன்று வந்தவை. பிறகு பாடநூலும் பயிற்சித்தாளும் மாறின. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பல பள்ளிகளில் அந்தத் தட்டுகள் பரணுக்குப் போய்விட்டன. இந்த ஆசிரியை அவற்றைக் கீழே இறக்கித் துடைத்து, ஓவியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

"அட்டை முறையில பிள்ளைங்க அவங்கவங்க வேகத்துல போனாங்க. ஆனா என்ன செய்யணும்கறத அட்டைதான் சொல்லுச்சு. இங்க அதையும் அவங்களே சொல்லட்டும்னு பாத்தேன்" என்றார். நான் வந்ததே இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான்.

இரண்டு மணிக்கு எல்லாரும் நடுவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஐந்தே நிமிடம்தான் டீச்சர் பேசினார். அன்று அவர் காட்டியது ஒரே ஒரு வித்தை: சோளத்தட்டையின் தோலை உரித்து, உள்ளேயிருக்கும் நெட்டியைத் துண்டு போட்டு, இரண்டு துண்டைக் கருவேல முள்ளால் கோப்பது. கிராமத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டி செய்த வித்தை. முள்ளின் கூரான பக்கத்தை எப்போதும் கீழே பார்த்து வைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். "இதச் செய்யணும்னு இல்ல. தெரிஞ்சு வச்சிக்கங்க" என்று எழுந்துவிட்டார்.

கதவருகே ஓர் அட்டை. அதில் நான்கு பட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு படம்: பென்சில், மண் உருண்டை, தட்டை, உள்ளங்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு துணிக்கிளிப் உண்டு. போக நினைக்கும் மூலையின் பட்டையில் அதை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு பட்டையில் ஆறு கிளிப்தான் பிடிக்கும். ஏழாவது ஆள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு மூலைக்குப் போகலாம். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு சிறுமி மட்டும் மண் பட்டை முன்னால் நின்று, "யக்கா, நீ எப்ப எந்திரிப்ப?" என்று மூன்று முறை கேட்டாள்.

வரைகிற மூலையில் அரசு கொடுக்கும் கிரையான்களும் வண்ணப் பென்சில்களும் நிறம் வாரியாகப் பிரிந்து கொட்டாங்கச்சிகளில் இருந்தன. தாள், பெரம்பலூர் அச்சகம் ஒன்றில் வெட்டிக் கழித்த துண்டுகளும் பழைய நாள்காட்டியின் பின்பக்கமும். மண் மூலையில் ஏரிக் களிமண், ஈரச் சாக்குக்குள். உள்ளங்கை மூலையில் அச்சும் தேய்ப்பும்: குறுக்கே வெட்டிய வெண்டைக்காய், வெங்காயம், மக்காச்சோளச் சக்கை. சாயம் அவர்களே கரைத்தது. செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள். முந்தின நாள் ஊறப்போட்ட வேலம்பிசினைக் கலந்தால் காய்ந்த பிறகும் உதிராது.

அதே மூலையில் ஒரு தாம்பாளத்தில் கற்கள். எடுத்துப் பார்த்தேன். நத்தை போலச் சுருண்டு, விளிம்பில் வரிவரியாக மேடு. இங்கிருந்து காரை கிராமம் அதிக தூரமில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியாக இருந்த மண் அது. அம்மோனைட் என்று புவியியலாளர்கள் சொல்லும் அந்தச் சுருள், வயலில் உழும்போது காலில் தட்டுப்படும். பிள்ளைகள் அதன் மேல் தாளை வைத்துக் கிரையானைப் படுக்கவைத்துத் தேய்க்கிறார்கள். வெள்ளைத் தாளில் வரி ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறது. கற்களை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பருவம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட சட்டம்.

தட்டை மூலையில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பருத்திமார்க் குச்சிகளை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தாள். கீழே நான்கு கல் வைத்து, அதன் மேல் குச்சிகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் படல் மாதிரிக் கட்டி, மேலே வைக்கோல் போட்டாள். வெங்காயப் பட்டறை. விதை வெங்காயத்தை மாதக்கணக்கில் சேர்த்துவைக்க இந்தப் பகுதி விவசாயிகள் போடுவது. கேட்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளே பக்கத்தில் இருந்தவனை அதட்டினாள்: "அங்க அடைக்காதடா! கீழ காத்து பூந்து வரணும். இல்லன்னா அழுகிரும்." தரைக்கும் அடித்தளத்துக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி வேண்டும் என்று கையை நுழைத்து நுழைத்துப் பார்த்தாள். அவள் அப்பா பட்டறை போடும்போது கூட நின்றிருக்கிறாள். நின்றபோது கண்ணும் கையும் அளந்துவைத்ததை இப்போது வெளியே எடுக்கிறாள்.

இது முதல் வாரத்திலேயே நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டாராம். சாயத் தண்ணீர் சோற்றுத் தட்டுக்குள் போனது, மண் சுவரில் ஏறியது, இருபது நிமிடத்தில் மூடிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். அடுத்த வாரம் வரைகிற மூலை மட்டும். மூன்று வாரம் கழித்து அச்சு. தூரிகையைக் கழுவித் தலைகீழாக நிறுத்தக் கற்ற பிறகே மண். ஒவ்வொரு தட்டிலும் அதில் வைக்க வேண்டிய பொருளின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார். கத்தரிக்கோல் திரும்பி வரவில்லை என்றால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் அடுக்குவதற்கு மட்டும். "பிள்ளைங்கள இஷ்டத்துக்கு விட்டுட்டீங்களான்னு கேக்குறாங்க. பாடம் நடத்துற அன்னிக்கி நோட்டுல எழுதிட்டுப் போயிரலாம் சார். இதுக்கு வியாழக்கிழமை ராத்திரியே ஆரம்பிக்கணும்" என்றார். பிசின் ஊறவைப்பது, களிமண் பிசைவது, முள் பொறுக்குவது எல்லாமே அதில் அடக்கம்.

வரைகிற மூலை மட்டும் திறந்திருந்த அந்த மூன்று வாரமும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்களாம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும்: இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை, நாலு காக்கை. நானும் அதையே வரைந்து வளர்ந்தவன். மேற்கே பச்சைமலை தெரிகிற ஊரில் இருந்தும் அந்தப் பிள்ளைகள் பச்சைமலையை வரையவில்லை. நினைவிலிருந்த படத்தை வரைந்தார்கள். அவர் தடுக்கவில்லை. "அது தீர்ற வரைக்கும் வரையட்டும்" என்று காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்த்து வரைவது நம் பள்ளிக்குள் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். அரசு அதைத் தொழிற்கலைப் பள்ளியாக்கியது. கைத்தொழிலுக்குப் பிசகாத கோடு வேண்டும் என்பதே அங்கே நோக்கம். ஓவிய ஆசிரியராக விரும்புகிறவர்கள் எழுதும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் தேர்வில் அந்தக் கோடு இன்னும் ஓடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் ஏழு வயதில் அது மட்டுமே ஓவியம் என்றால், பட்டறை கட்டிய சிறுமிக்கு அங்கே இடமில்லை.

வேறு வழியைத் தேடியவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944-ல் சேவாகிராமத்துக்குப் போய், காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பிள்ளைகளோடு ஓவியம் செய்தார். இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் மழலையர் பள்ளிக்குள்ளேயே ஒரு கலைக்கூடத்தை வைத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில ஓவிய ஆசிரியர்கள், பிள்ளையே ஓவியர், வகுப்பறையே அவரது கூடம் என்று வைத்து, மூலை மூலையாகப் பொருளை அடுக்கித் தேர்வைப் பிள்ளையிடம் விட்டார்கள். ஆலத்தூர் டீச்சருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னபோது, "அவங்க ஊர்ல எத்தன பிள்ளைக்கு ஒரு டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார்.

நியாயமான கேள்வி. தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் பணியிடமே கிடையாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் கேட்கிறது. அப்படி 2012-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவர்கள் 16,500-க்கும் மேல். ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்த்து. வாரம் மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அவர்களில் ஒருவரை மறுநாள் அரியலூர்ப் பக்கம் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் நடுவே நடுநிலைப் பள்ளி. தன் வகுப்பு முடிந்ததும் நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளையும் மரத்தடியில் உட்காரவைக்கிறார். அதற்குச் சம்பளம் இல்லை. அவரிடம் தட்டும் இல்லை, பாயும் இல்லை. ஒரு சைக்கிள் பையில் எல்லாம் அடங்கியிருந்தது. அவருடைய பிள்ளைகளில் ஒருவன் லாரிப் பாதையோரத்து எருக்கஞ்செடிக்கு என்னைக் கூட்டிப்போனான். இலை மேல் சாம்பல் பூத்தாற்போல் தூசி. விரல் நகத்தால் அதில் ஒரு லாரி கீறினான். பின்சக்கரம் நான்கையும் தனித்தனியாக. மறுநாள் புதுத் தூசி படிந்து அது அழிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். "நாளைக்கு வேற போடலாம் சார்" என்றான்.

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பற்றி அந்த ஆசிரியர் உற்சாகமாகப் பேசினார். 2022-ல் தொடங்கியது, இப்போது தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. மேடை கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கொடுத்த தலைப்பில் பரிசுக்கு வரையும் பயிற்சி, வாரத்தில் கிடைக்கிற ஒரே மதியத்தையும் எடுத்துக்கொண்டால் அதை நான் இழப்பு என்றே சொல்வேன்.

திரும்பும் வழியில் அரும்பாவூருக்குப் போனேன். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்கள் செதுக்கும் ஊர். என் மனதில் இருந்த கேள்வியை அங்கே ஒரு மூத்த சிற்பியிடம் வைத்தேன்: பிள்ளை தன் இஷ்டத்துக்குச் செய்தால் தொழில் வருமா? அவர் உளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "எங்ககிட்ட சேர்றவன் மொதல்ல உளி தீட்டணும். அப்புறம் உப்புத்தாள் போடணும். அப்புறந்தான் பூ, கொடி. முகத்துல கைவைக்க வருஷமாகும்." சிற்ப அளவுமுறையான தாலமானக் கணக்கில் ஒரு நூலளவு தவறினாலும் விக்கிரகம் விக்கிரகமாகாது. பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பட்டறை மூலையில் கிடந்த மரச்சில்லுகளைக் காட்டி, "நான் சேர்றதுக்கு முன்னாடி இதுல பம்பரமும் ஆமையும் பண்ணிட்டுத் திரிஞ்சேன். எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டார். எந்தக் கை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பார்" என்றார்.

ஆலத்தூர் டீச்சரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. முதல் நாள் நான் அங்கே இருந்தபோது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமும் மூலை மூலையாக நின்றான். எதிலும் மாட்டவில்லை. யாரும் அவனை அதட்டவில்லை. மணி அடித்ததும் கிளிப்பைச் சட்டைக் காலரில் கவ்வவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே "பார்த்தான்" என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே மூன்று வாரமும் அதே சொல்தான்.

அவனுக்காகவே அடுத்த வெள்ளியும் போனேன். கிளிப் காலரிலேயே இருந்தது. மண் பட்டையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் மாட்டாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். டீச்சர் பார்த்தும் சொல்லவில்லை. களிமண்ணைத் தட்டித் தட்டி ஓலைபோல நீளமாக்கினான். பிறகு கிளிப்பின் வாயைத் திறந்து, அதன் பற்களை ஓர் ஓரத்தில் அழுத்தினான். எடுத்தான். பக்கத்தில் மறுபடி. வரிவரியாக, கொஞ்சம் வளைந்து, மண்ணின் மறுமுனை வரைக்கும் அந்தத் தடம் போனது. பாதி வழியில் ஓரிடத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் செய்து, தடத்தை அதைச் சுற்றிக் கொண்டுபோனான்.

நான் எதுவும் கேட்கவில்லை. மணி அடிக்கச் சற்று முன் பக்கத்துப் பையனின் தோளை இடித்து அவனே சொன்னான்: "மரவட்டை போன தடம்டா. இங்கன தண்ணி கெடந்துச்சு, அதான் சுத்திப் போயிருக்கு."

அதை இரண்டு கையாலும் ஏந்தி, காய்வதற்காக ஜன்னல் திண்டில் வைத்தான். மண் அப்பிய கிளிப்பைக் கழுவப் போனான்.