இருநூற்று எழுபத்தைந்து

நாம் படிப்பிக்கும் பாடசாலைக்கும் தியத்தலாவை இராணுவ முகாமின் சுடுபயிற்சித் திடலுக்கும் நடுவே இரண்டு மலைகள் நிற்கின்றன. ஆயினும், காற்று அந்தத் திசையிலிருந்து வீசும் காலை வேளைகளில் வெடியோசை வகுப்பறை வரையில் வந்து சேரும். சென்ற தவணையில் ஒரு நாள் பத்தாம் வகுப்பினருக்குக் குறிஞ்சித் திணையை நடத்திக்கொண்டிருந்தோம். தினைப்புனத்தையும் பரணையும், கிளியோட்டும் கருவிகளையும் பன்றி வருமென்று இராமுழுதும் விழித்திருந்த காவலரையும் பற்றிச் சொல்லிவந்து, வல்வில் ஓரியிடம் நின்றோம். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் கடந்து போய்ப் புற்றிலே கிடந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூறு பேசுகிறது. அந்த வேளையில்தான் மலைக்கப்பால் வெடிகள் தொடர்ந்து கேட்டன.

பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். "சேர், இப்ப கேக்கிறது என்ன துவக்கு? அதுக்கு என்ன நம்பர்?"

இராணுவத்தினர் வைத்திருக்கும் டி-56 துவக்கின் குண்டு 7.62 மில்லிமீற்றர் என்றோம். அவன் அதைக் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். "அப்ப ஓரியோட அம்புக்கு, சேர்?" என்று வேறொருவன் கேட்கவே வகுப்பு சிரிப்பில் கலைந்தது. முதலிற் கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அதன் காரணம் அன்று நமக்குத் தெரியாது.

மறுநாள் நம் வீட்டிலிருந்த ஒரு பொருளை வகுப்புக்குக் கொண்டுபோனோம். அது பித்தளையினாலான வெற்றுத் தோட்டாக் கோது; சிறுவிரல் நீளமிருக்கும். அடிப்பக்கத்தில் கைனோக் என்ற ஆங்கில எழுத்துகளும் 275 என்ற இலக்கமும் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் பாட்டியார் அதில் தையலூசிகளைப் போட்டு, வாயைத் துணியால் அடைத்து, லயத்துக் காம்பராவின் சுவர்ப்பொந்தில் ஐம்பது ஆண்டுகள் வைத்திருந்தார்.

நம் பாட்டனார் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். கையெழுத்திடத் தெரியாதவர். எனினும், துவக்குகளின் இலக்கங்களை அவர் ஒருபோதும் தவறாகச் சொன்னதில்லை. பன்னிரண்டு, முந்நூற்று மூன்று, இருநூற்று எழுபத்தைந்து என்று வரிசையாகச் சொல்வார். எந்தத் தோட்டா எந்தப் பெட்டியில் இருக்கும் என்பதும் இருட்டில்கூட அவருக்குத் தெரியும். "இருநூத்தி எழுபத்தஞ்சு மேல தொரைக்கு இருந்த பாசம் தொரைசானி மேலகூட இல்லே" என்று அவர் கிழவராகிப் படுத்திருந்த நாளிலும் சொல்லிச் சிரித்ததுண்டு.

இந்த இலக்கங்கள் எல்லாம் ஒரே கணக்கில் வந்தவையல்ல. பன்னிரண்டு என்பது அங்குலமும் அன்று, மில்லிமீற்றரும் அன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அது பன்னிரண்டாம் இலக்கக் குழல். ஆகவே பதினாறைவிடப் பன்னிரண்டு பெரியது. இதைச் சொன்னபோது மாணவர் நம்ப மறுத்தார்கள்; கரும்பலகையில் வட்டங்கள் வரைந்தே காட்ட வேண்டியிருந்தது. ரைபிளுக்கோ குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தொரு கூறுகளில் அளப்பார்கள். 303 என்பது 7.7 மில்லிமீற்றர், 275 என்பது 7 மில்லிமீற்றர். இரண்டுக்குமிடையே ஒரு மில்லிமீற்றர் வேறுபாடுகூட இல்லை. அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காக ஒருவர் ஊரார் வைத்திராத துவக்கை ஏன் தேடிப் பெற வேண்டும்?

துரைமார் வட்டாரத்தில் 303 எங்கும் கண்ட துவக்கு. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் ஐரோப்பியரே சேரலாம். அவர்கள் தோளில் 303தான் தொங்கிற்று. நம் பாட்டனாரின் துரையும் அதிலே பயின்றவரே. ஆயினும் தமக்கென வாங்கியது 275. அவர் சொன்ன நியாயங்களைப் பாட்டனார் அரைகுறையாக நினைவில் வைத்திருந்தார். நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது அவை சரியாகவே இருந்தன. 275இன் குண்டு மெலிந்தது, நீண்டது. ஆரம்ப காலத்து 303இன் குண்டு ஏறத்தாழ 14 கிராம் எடையுடன் நொடிக்கு 600 மீற்றருக்குச் சற்று மேலாகச் சென்றது. பழைய ஏழு மில்லிமீற்றர்க் குண்டோ 11 கிராம்தான். ஆனால் நொடிக்கு 700 மீற்றர் சென்றது. வேகமாகச் செல்வதால் அதன் பாதை அதிகம் வளையாது. எதிர்மலையிலுள்ள மரை எத்தனை கஜத்தில் நிற்கிறது என்ற கணிப்பிலே சிறிது பிழை நேர்ந்தாலும் குறி தப்பாது. தோளில் உதைப்பதும் குறைவு; உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடுகிறவன் எந்த இலக்கத் துவக்காலும் குறியைத் தொடமாட்டான். மெலிந்து நீண்ட குண்டு ஆழமாகவும் ஊடுருவும். ஓரியின் அம்புக்கு இலக்கம் கேட்ட மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்.

பருமனே வலிமை என்று நம்பிய காலமொன்று இதே ஊவாவில் இருந்தது. 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற தொழிலாளரைக் கொண்டு சாமுவேல் பேக்கர் செய்வித்த ரைபிளின் எடை 21 இறாத்தல். அதன் ஈய உருண்டை 3 அவுன்ஸ், கூம்புக் குண்டானால் 4 அவுன்ஸ். அவர் நுவரெலியாவில் குடியிருந்து மலைநாடெங்கும் வேட்டையாடியபோது, மற்றையோர் பெரும்பாலும் புரியில்லாச் சாதாரணக் குழல்களையே ஏந்தி நின்றனர். அவருடையதும் தன் காலத்துக்கு அபூர்வத் துவக்குத்தான். அவருக்கு முன்னர், பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளைப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. யானைகளுக்கு நினைவுக்கல் எதுவுமில்லை. பிற்காலத்தில் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவற்றை இந்த 275ஆலேயே கொன்றார். மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறதென்று கற்றுக்கொண்டவர் அவர். பருமனிலிருந்து மெலிவுக்கு வந்தது அறிவின் வளர்ச்சிதான். அந்த அறிவு யானைக்கு நன்மை செய்ததா என்பது வேறு கேள்வி.

இந்த ஏழு மில்லிமீற்றர் முதலில் வேட்டைக்காகப் பிறக்கவில்லை. ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் படைகளுக்காக ஆக்கியது அது. 1893இல் ஸ்பெயின் ஏற்றுக்கொண்டது. தென்னாபிரிக்கப் போயர் விவசாயிகள் அதை ஆயிரக்கணக்கில் வாங்கினர். 1899இல் போர் மூண்டபோது, பேரரசின் 303ஐ ஏந்திய படைகள் இந்த மெலிந்த குண்டின்முன் தடுமாறின. அந்தப் போயர்களில் ஏறத்தாழ 5,000 பேரைக் கைதிகளாகக் கப்பலேற்றி 1900 முதல் அடைத்து வைத்தது எங்கே? நம் வகுப்புக்கு வெடியோசை வரும் இதே தியத்தலாவையில். அவர்களுள் ஒருவரான எங்கல்பிரெக்ட், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இலங்கையிலேயே தங்கிப் பின்னர் யால காப்பகத்தின் முதற் காவலரானார். தோல்வி கற்பித்த பாடத்தால் பிரித்தானியப் படை தானும் 276 என்றொரு துவக்கை ஆராயத் தொடங்கிற்று. முதல் உலகப்போர் வந்து அதை நிறுத்தியது. 1907இல் இலண்டன் ரிக்பி நிறுவனம் பகைவனின் அதே ஏழு மில்லிமீற்றரை 275 என்று அங்குலப் பெயர் சூட்டி விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் அந்த வகையே.

அந்த ஆண்டளவில் நடந்த இன்னொன்றையும் மாணவர்க்குச் சொன்னோம். இந்தியாவுக்கும் சூடானுக்கும் 450 இலக்கத் துவக்குகளையும் தோட்டாக்களையும் கொண்டுபோகலாகாது என்று பிரித்தானிய அரசு தடைவிதித்தது. படையிடமிருந்த பழைய மார்ட்டினி ரைபிள்கள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போயிருந்தன. அவற்றுக்கு அந்தத் தோட்டா உதவிவிடும் என்ற அச்சமே காரணம். துரைமாருக்கோ யானை வேட்டையை விட மனமில்லை. துவக்குத் தொழிலதிபர் என்ன செய்தனர்? 465, 470, 475, 476 என்று புதுப்புது இலக்கங்களைப் பெற்றெடுத்தனர். பிற்கால இந்தியாவின் 315இன் கதையும் ஏறக்குறைய இதுவே: 303 படைக்குரியது என்று ஒதுக்கப்பட்டமையால் குடிமகன் கைக்கு வந்த இலக்கம் அது. இன்று வேட்டைப்பிரியர் கூடியிருந்து எது சிறந்தது என்று வாதாடும் அபூர்வ இலக்கங்களுட் சில இவ்வாறு தோன்றியவை. ஆட்சியாளன் குடிமக்களைப் பார்த்து அஞ்சிய அச்சத்தின் அளவுகள் அவை! 1818இல் இதே ஊவாவின் எழுச்சியைத் தீயிட்டு அடக்கிய பேரரசுக்கு அந்த அச்சம் புதியதும் அன்று.

நம் பாட்டனார் துவக்கோடு வாழ்ந்த வாழ்வையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை குறிபார்க்கும் பயிற்சி செய்வார். பள்ளத்துக்கு அப்பால் பலகையில் கறுப்பு வட்டம் வரைந்த கடதாசி ஒட்டப்படும். பலகைக்குக் கீழே வெட்டிய குழியில் பாட்டனார் குந்தியிருப்பார். தலைக்குமேல் குண்டு சீறிப்போன பின் எழுந்து, துளை எங்கே விழுந்ததென்று சிவப்புத் துணிகட்டிய கோலால் காட்ட வேண்டும். ஐந்து துளைகளையும் ஓர் ஐம்பது சதக் குற்றியால் மூடலாம் என்பார். அந்தத் துல்லியத்தைச் சொல்கையில் குழியிலிருந்தவருக்கும் ஒரு பெருமிதம் இருந்தது. வேட்டை நாளில் தகரம் தட்டி மிருகத்தைக் கலைக்கும் ஆட்களில் அவரும் ஒருவர். திரும்பியதும் குழலுக்கு எண்ணெயிட்டுத் துடைப்பவரும் அவரே. இருபதாண்டு காலத்தில் அவர் ஒருமுறையேனும் விசையை இழுத்ததுண்டா என்று கேட்டிருக்கிறோம். "என்னத்துக்குப்பா? பத்திரம் யாரு பேர்ல?" என்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடிமகனானார். அதற்கிடையில் எந்தப் பத்திரமும் அவர் பெயரில் இல்லை.

அபூர்வத் துவக்குக்கு ஒரு குறை உண்டு. பொது இலக்கத் தோட்டா எந்த நகரத்திலும் கிடைக்கும். அபூர்வத்துக்கு எழுதிப்போட்டுக் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். துரை தமது கோதுகளை ஒன்றுகூட எறிய விடமாட்டார். எண்ணி வாங்கிப் பெட்டியில் அடுக்குவார். 1960களின் நடுவில் அவர் சீமைக்குத் திரும்பும்போது, எண்ணிக்கைக்கு அகப்படாத ஒன்று பாட்டியாரின் ஊசிக்கூடாயிற்று. துவக்கு அவருக்குப் பின் வந்தவரிடம் போயிற்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அதற்குத் தோட்டா கிடைக்கவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகுமுன்பே அது சுவரில் தொங்கும் வெறுங்கோலாகிவிட்டதாம். இலக்குக்காகச் சுடுபவன் அபூர்வத்தை விரும்பலாம். அவன் காத்திருக்க முடியும். பயிரைக் காப்பவனால் முடியாது.

இவ்வளவையும் கேட்ட பின், அந்தப் பின்வாங்கு மாணவன் பாடசாலை விட்டதும் நம்மிடம் வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்தான். உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணித்துண்டும், நசுங்கிய இரும்புச் சிம்புகள் மூன்றும் கிடந்தன. "அப்பாவோட கால்ல இருந்து எடுத்தது, சேர். இதுக்கு என்ன நம்பர்?"

ஆறு மாதங்களுக்கு முன் அவன் தந்தை தேயிலை மலையின் மேலெல்லையில் விறகு பொறுக்கப் போனார். யாரோ பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கின் கம்பி காலில் இடறிவிட்டது. ஓர் இரும்புக் குழாயும் மருந்தும் கையில் அகப்பட்ட இரும்புத் துண்டுகளும்தான் அந்தத் துவக்கு. உயிர் பிழைத்தார், வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதைக் கட்டியவன் அயல் லயத்தைச் சேர்ந்தவனே என்று எல்லோருக்கும் தெரியும். அவனுடைய கிழங்குப் பாத்தியையும் பன்றிகள் விட்டுவைத்ததில்லை. துவக்குக் கிடைக்காத வேறு சிலர் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு கம்பியில் கறுஞ்சிறுத்தை சிக்கி இறந்ததை நாடே பார்த்தது.

அவனுக்கு விடை சொல்ல முடியவில்லை. நூலில் உள்ள எந்த அட்டவணையிலும் அந்தக் குழாய்க்கு இடமில்லை.

அடுத்த வாரம் லயத்துப் பெரியவர்கள் சிலரோடு கூடிப் பேசினோம். கட்டுத்துவக்கை எவரும் வைப்பதில்லை என்றும், முறையான அனுமதியுடன் ஒரு துவக்கு கேட்பதென்றும் முடிவாயிற்று. ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் காவலாளி ஒருவரை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் மரியாதையாகவே பேசினார். "காணி உறுதி எங்கே, மாஸ்டர்?" என்றார். லயத்துக்கு முன்னாலுள்ள பாத்தி தோட்டத்துக்குச் சொந்தம். கிழங்கு நட்டவன் பெயரில் ஓர் அங்குலமும் இல்லை. நான்கு தலைமுறை கிண்டிய மண் என்றோம். அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டமில்லை என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்கு உறுதி கிடைத்த வீட்டுத்திட்டக் குடும்பமொன்று அடுத்த பிரிவில் இருக்கிறது. அவர்கள் பெயரில் விண்ணப்பித்துப் பாருங்கள் என்று அவரே வழியும் சொன்னார்.

அந்தக் குடும்பத் தலைவர் இசைந்தார். படிவத்தை நிரப்பியவன் அந்த மாணவன்தான். அவனுக்கு அழகிய கையெழுத்து. துவக்கின் வகை என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி நம்மைப் பார்த்தான்.

"பன்னிரண்டுதானே, சேர்?"

"பன்னிரண்டுதான். அதற்குத்தான் கடையில் தோட்டா கிடைக்கும்."

அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி இரண்டு மாதங்களாகின்றன. பதில் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் மழை பெய்த இரவில், மேல் லயத்து வற்றாளைப் பாத்திகள் நான்கையும் பன்றிகள் கிளறிவிட்டுப் போயின. காலையில் அவன் தாமதமாக வகுப்புக்கு வந்தான். பரண் கட்டக் கம்பு வெட்டப் போனதாகச் சொன்னான்.