கடைமடையில் கேட்ட உவமை

கல்லணையில் நின்று நோக்குவோர்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பது நம்ப முடியாத செய்தியாகவே இருக்கும். காவிரியிலிருந்து வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிந்து செல்லும் இடம் அது. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் புறப்பட்ட நாம், இம்முறை வெண்ணாற்றுப் பாசனத்தின் வழியே கிழக்கு நோக்கிச் சென்றோம். தஞ்சையிலும் நீடாமங்கலத்திலும் வயல்கள் பசுமை போர்த்திருந்தன. திருவாரூரைக் கடந்தபின் வாய்க்கால்கள் மெலிந்தன; கீழ்வேளூருக்கு அப்பால் வரப்புகள் வெடித்துக் கிடந்தன. மேட்டூரில் சூன் 12-ஆம் நாள் மதகு திறப்பது வழக்கமாயினும், கடைமடைக்கு நீர் எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

அங்கே ஒரு மதகடியில் நாலைந்து பெண்கள் அமர்ந்திருந்தனர். நண்பகல் கடந்திருந்தது. "வேலை இல்லையா, அம்மா?" என வினவினோம்.

"விடியவே வந்துட்டோம் ஐயா. தண்ணி வரல்லே. வந்தாலும் மிஷினை விட்டு நட்டுடுறாங்க. எங்களை யாரு கூப்பிடுறா?" என்றார் மூத்தவர்.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னால், விடியற்காலை முதல் வெயிலில் காய்ந்தவர்கள் பக்கமே நம் மனம் சாய்ந்து வந்தது. ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் அதே கூலியா? கடவுளின் தாராளம் என்று குருவானவர் விளக்குவார், நாமும் தலையசைப்போம், ஆயினும் கணக்கு நெருடும்.

மதகடியில் அக்கணக்கு வேறாகத் தெரிந்தது. மாலையில் வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று உவமை கூறவில்லை. தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றுதான் அவர்களும் சொல்கின்றனர். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். குடும்பத்தின் அன்றைய சோறு. அதில் ஒரு சிறு பங்கை மட்டும் கொண்டுபோனால் பிள்ளைகளின் பசியும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுமா? தோட்டக்காரர் அளந்தது உழைத்த நேரத்தை அன்று. வீட்டில் காத்திருந்த உலையை. மேலும், கூலி கொடுக்க ஒரு காரியக்காரர் இருந்தும், ஆள் தேடி ஒரே நாளில் ஐந்து முறை அவர் தாமே வெளியே சென்றார். இதனை நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை!

அங்கிருந்து கீழ்வெண்மணி அதிகத் தொலைவில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, நம் கோவில்களில் பாலன் குடில் ஒளிர்ந்த அதே திருநாளில், கூலியை உயர்த்திக் கேட்டதால் மூண்ட பகையில், தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அங்கே ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் பெரும்பாலோர். 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உவமையின் தோட்டக்காரர் கேளாமலே நிறைய அளந்தார். இந்த மண்ணில் கேட்டதற்கே தீ மூட்டினர். நினைவிடத்தின் முன் நின்றபோது செபிக்க வாய் வரவில்லை.

மாதாவைத் தரிசித்துத் திரும்புகையில் மணி ஐந்து இருக்கும். அப்பெண்கள் இன்னும் மதகடியிலேயே இருந்தனர். வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு விரற்கடை அளவு நீர் வந்துகொண்டிருந்தது. மூத்தவர் மட்டும் எழுந்து நின்று, பாதையை நோக்கிக் கொண்டிருந்தார்.