இருநூறு மணி நேரத்துக்குப் பிறகு

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் வேலையும் கூடவே வந்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். எனக்கு லைசென்ஸ் வந்து ஐந்து மாதமாகிறது. "எப்பம்மா எங்களையெல்லாம் ஃப்ளைட்டுல கூட்டிட்டுப் போகப்போற?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்கும்போதெல்லாம் சிரித்து வைக்கிறேன். இப்போதைக்கு என்னால் அவரை நாலு சீட் விமானத்தில்தான் உட்கார வைக்க முடியும். அதுவும் யாராவது விமானம் கொடுத்தால்.

அப்பாவுக்கு மட்டும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். "லைட் லைசென்ஸ் வாங்கிட்ட. ஹெவிக்குத் தனியாப் போகணும். அவ்வளவுதானே?" என்றார். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்தியாவில் இந்த லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியை நான் ஓட்டியது செஸ்னா 172. ஒற்றை எஞ்சின், ஆட்களோடும் எரிபொருளோடும் சேர்த்து ஏறக்குறைய 1,100 கிலோ. உள்நாட்டுப் பயணத்தில் நாம் அடிக்கடி ஏறும் ஏர்பஸ் ஏ320, புறப்படும்போது 70 டன்னைத் தாண்டும். அதை ஓட்ட 'டைப் ரேட்டிங்' வேண்டும், அதாவது அந்த ஒரு விமான வகைக்கு மட்டுமான பயிற்சியும் தேர்வும். சில வாரம் வகுப்பு, பிறகு சிமுலேட்டர். ஆறு ஹைட்ராலிக் கால்களின் மேல் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் ஓடுபாதையில் எஞ்சின் செத்துப்போகும், சக்கரம் இறங்க மறுக்கும். இரண்டு பைலட்டுகள் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது, ஒருவர் தவறினால் இன்னொருவர் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் படியும். எனக்கு அதன்மேல் ஆசை இல்லை என்றால் பொய்.

ஆனால் நான் விசாரித்த இடத்தில் சொன்ன தொகை 18 லட்சம். முடித்தாலும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. வேலை கிடைக்கத் தாமதமானால் ரேட்டிங்கைச் சும்மா பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் முடியாது. மறுபடி சிமுலேட்டரில் ஏறி, காசு கட்டி, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மார்க்கெட் பிரமாதமா இருக்கு, இப்பவே பண்ணிடு" என்கிறார்கள் நண்பர்கள். தவறில்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஜூனில் இண்டிகோ 500. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே, மே மாதம், ஏ320 மட்டுமே ஓட்டிய கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2019 ஏப்ரலில், ஜெட் ஏர்வேஸ். ஒரு நிறுவனம் படுத்தால், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் நேற்று ரேட்டிங் முடித்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆர்டர் கொடுத்த விமானங்கள் வந்து சேரவோ வருடக்கணக்காகும். வட்டி அதுவரை காத்திருக்காது.

பைபாஸ் பக்கத்தில் இருந்த நிலம் என் லைசென்ஸுக்கே போய்விட்டது. மிச்சம் இருப்பது வீடு. "பத்திரத்தை வெச்சா பேங்க்ல குடுப்பாங்க" என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். அம்மா பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பறப்பதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் நம்பிக்கைக்கு ஜாமீனாக நிற்பது அந்த வீடு என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு வழி, துணைப் பயிற்றுநர் ஆவது. எனக்குச் சொன்ன செலவு 18 லட்சத்தில் பாதிகூட இல்லை. மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில் புது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சம்பளம் குறைவு, ஆனால் பறக்கும் நேரம் ஏறிக்கொண்டே போகும். கேப்டன் ஆவதற்கான ஏர்லைன் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும்.

"செஸ்னாவுலயே ஆயிரம் மணி நேரம் சுத்தி என்ன பண்ணப்போற?" என்று கேட்ட தோழியின் கேள்வி நியாயமானது. பெரிய ஜெட்டின் வேலையைச் சின்ன விமானம் கற்றுத்தராது. ஆனால் சின்ன விமானம் மட்டுமே திரும்பத் திரும்பக் கற்றுத்தரும் விஷயங்களும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் ஏர் பிரான்ஸ் 447-இல் வேகமானிக்கான குழாய்களைப் பனி அடைத்தது, ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. விமானம் ஸ்டால் ஆன பிறகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழந்த பிறகும், மூக்கை மேலே இழுத்தபடியே இருந்தார்கள். சுமார் மூன்றரை நிமிடத்தில் கடல். 228 பேர். ஸ்டால் ஆனால் மூக்கை இறக்கு என்பது ஒவ்வொரு பைலட்டும் செஸ்னா போன்ற விமானத்தில் ஆரம்ப நாட்களிலேயே படிக்கும் பாடம். படித்தது வேறு, கையில் ஊறியது வேறு. பயிற்றுநருக்கு அந்தப் பாடம் வாராவாரம் வரும். வலது சீட்டில் உட்கார்ந்து, கைகளை மாற்றிப் பழகி, ஓட்டிக்கொண்டே பேச வேண்டும். மாணவர் தவறு செய்யும்போது எவ்வளவு நேரம் விட்டுவைப்பது, எப்போது கண்ட்ரோலை வாங்குவது என்று நொடிக்கணக்கில் தீர்மானிக்க வேண்டும். கேப்டனாக உட்காரும் நாளில் பக்கத்து சீட்காரரிடம் செய்ய வேண்டியதும் இதுதானே?

அதனால் பயிற்றுநர் படிப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். இதையே எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். நியமனக் கடிதத்தை நம்பி டைப் ரேட்டிங் போகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. வீட்டில் பணம் இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. கடிதமும் இல்லாமல், பணமும் இல்லாமல், வெறும் 200 மணி நேரத்தோடு நிற்பவர்கள், "எது சீக்கிரம் வேலை வாங்கித்தரும்?" என்று கேட்பதற்கு முன்னால், "வேலை இரண்டு வருடம் தள்ளிப்போனால் தவணை கட்டப்போவது யார்?" என்று கேட்டுக்கொள்ளலாம். என் விஷயத்தில் அது 61 வயதான, முதுகுவலி உள்ள ஒரு முன்னாள் ஓட்டுநர். அவர் கட்டியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.