தண்ணியில்லாக் காட்டுக்குப் பெண் கொடுத்தோம்! - ஒரு ஜெய்சால்மர் கல்யாணப் பயணம்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" - தமிழ் சினிமாவில் மந்திரிகள் மிரட்டி மிரட்டித் தேய்ந்துபோன வசனம் இது. கடந்த ஜனவரியில் எங்கள் குடும்பத்தில் 14 பேர், சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து அந்தக் காட்டுக்கே போய்விட்டு வந்தோம்.

காரணம், பெரியம்மா மகளின் கல்யாணம். மாப்பிள்ளை, அக்காவோடு பெங்களூரில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சால்மர். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் அங்கேயே தங்கி, குடும்ப விடுதியைக் கவனித்துக்கொள்வதாகத் திட்டம்.

பெரியம்மா சம்மதம் சொல்ல எட்டு மாதம் ஆனது. மொழி, சாப்பாடு எதுவும் அவருக்குப் பிரச்னையில்லை. தண்ணீர்தான் பிரச்னை! 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே... அப்போது நடுராத்திரி லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தவர் அவர். "1,300 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுற ஊர்லயே அந்தப் பாடு. 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊர்ல நீ எப்படிடீ இருப்பே?" என்று அக்காவிடம் புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார்.

லோயர் பெர்த் யாருக்கு?

சென்னையிலிருந்து ஜோத்பூர் வரை ரயிலில் இரண்டு ராத்திரி. 14 பேரில் ஆறு பேருக்கு முழங்கால் வலி, ஆனால் கிடைத்தது நான்கு லோயர் பெர்த். பங்கு பிரிப்பதற்குள் ஆந்திராவே வந்துவிட்டது. ஒரு சார்ஜர் பாயின்ட்டுக்கு ஐந்து போன்கள். சித்தப்பாவின் குறட்டையை யாரோ ரெக்கார்டு செய்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, அதற்கு அவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. புளியோதரை இரண்டாம் நாள் மதியத்தோடு தீர்ந்தது. ஐஸ் பெட்டியில் வைத்த மல்லிகைப்பூ மட்டும் கடைசி வரை வாடவில்லை.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு வேனில் சுமார் 280 கிலோமீட்டர். 1974, 1998 அணுகுண்டு சோதனைகளால் நாம் பெயர் அறிந்த பொக்ரான் இந்த வழியில்தான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே மணல், முள்புதர், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம். பெரியம்மா வாயே திறக்கவில்லை.

குடியிருக்கும் கோட்டை

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கோட்டை. 1156-ல் மன்னர் ஜெய்சால் எழுப்பியது. மஞ்சள் மணற்கல் என்பதால் சாயங்கால வெயிலில் பொன் வார்த்ததுபோல் மின்னுகிறது. 2013 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இன்றும் உள்ளே வீடுகள், கடைகள், கோயில்கள் என மக்கள் குடியிருக்கிறார்கள்.

தண்ணீர் பஞ்சத்துக்குப் பேர்போன ஊரில் இந்தக் கோட்டைக்கு எமன் யார் தெரியுமா? தண்ணீர்தான்! குடம் குடமாகச் சுமந்த காலத்தில் வராத சிக்கல், குழாய் வந்தபிறகு வந்தது. வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் கசியும் கழிவுநீர் அஸ்திவாரத்தை அரிக்கிறது.

கோட்டைக்கு வெளியே இருக்கும் கடிசர் ஏரிதான் பல நூறு ஆண்டுகள் இந்த ஊருக்குக் குடிநீர் தந்தது. இப்போது பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் கைகொடுக்கிறது.

காலையில் தாலி, ராத்திரி அக்னி

நமக்கு முகூர்த்தம் விடியற்காலை. அவர்களுக்கோ நடுராத்திரி நெருங்கும் நேரம். சமாதானமாக, இரண்டுமே நடந்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்தவர்கள் மறுநாள் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ராத்திரிக் குளிர் 8 டிகிரி. பட்டு வேட்டிக்குள் காற்று புகுந்து பெரியப்பாவின் பற்கள் தாளம் போட்டன. அவருக்குக் கட்டிவிட்ட தலைப்பாகையை அவர் கழற்றவே இல்லை. மரியாதைக்காக அல்ல, காது குளிருக்கு!

பெரியம்மாவின் ரகசிய ஆய்வு

மறுநாள் சம்பந்தி வீட்டு விருந்து. பெரியம்மா கைகழுவப் போகிற சாக்கில் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

மாப்பிள்ளையின் பாட்டி இதைக் கவனித்திருக்க வேண்டும். பெரியம்மாவின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துப் போனார். தரையில் ஒரு மூடி, அதற்குப் பூட்டு. திறந்தால் உள்ளே மழைநீர்த் தொட்டி. 'டாங்கா' என்கிறார்கள். மொட்டைமாடியில் விழும் மழை மொத்தமும் இதற்குள் இறங்கும். மழைக்கு முன் மாடியைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். பாட்டி இடுப்பிலிருந்த சாவியை ஒரு நொடி மருமகளாக வந்த அக்காவின் கையில் வைத்து, மூடினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. பெரியம்மா குனிந்து தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் கேர் சாங்ரி பரிமாறினார்கள். பாலைவனத்தின் பிரசித்தி பெற்ற கறி. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். "எந்த மரம்?" என்று கேட்டபோது மாப்பிள்ளை வாசலைக் காட்டினார். பெரியம்மா எழுந்துபோய் இலையைத் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம வன்னி மரம்டீ!"

உண்மைதான். ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரியும் நம் வன்னியும் ஒன்றே. பெரியம்மாவின் பிறந்த ஊரான விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சமும் அதுதான். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தலைமையில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். பெரியம்மா அன்று இரண்டாம் முறை சாங்ரி வாங்கிச் சாப்பிட்டார்.

போகிறவர்கள் கவனத்துக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பகல் இதமாக இருந்தாலும் ஸ்வெட்டர், சாக்ஸ் கட்டாயம். சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒட்டகம் முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்கும். முன்னால் சரியாமல் இருக்கப் பிடியை விடாதீர்கள். போனை ஜிப் கவரில் வையுங்கள், மணல் எங்கும் புகும். காபி இல்லாமல் முடியாதவர்கள் பில்டரையும் பொடியையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

சென்னை திரும்பிய வாரமே பெரியம்மா அபார்ட்மென்ட் செயலாளரைப் பிடித்தார். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. எங்கள் வளாகத்திலும் தொட்டி இருக்கிறது. மண்ணடைத்து, மேலே பைக் நிறுத்துகிறார்கள்.

"மழைக்கு முன்னாடி தூர் வாரியே ஆகணும் சார்" என்றார் பெரியம்மா.

"என்னம்மா திடீர்னு அவசரம்?"

"தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இதைப் பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"