இரும்பும் எண்ணெயும்

1991இல் ஊர்காவற்றுறையை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகருக்கு வந்தபோது நான் பாடசாலை மாணவன். பொருளாதாரத் தடை வடக்கை இறுக்கியிருந்த காலம் அது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் வார்த்துத் திரி கொளுத்துவோம். அந்தச் சுடரிலேதான் இரசாயனம் படித்தேன். அம்மா இடையிடையே வந்து திரியைத் தாழ்த்திவிட்டுப் போவார்.

2022இல் நான் நெடுந்தீவில் ஆசிரியன். மீண்டும் எரிபொருள் தட்டுப்பாடு. குறிகட்டுவானிலிருந்து படகு ஓடவும், தீவில் விளக்கெரியவும் டீசல் வேண்டும். வகுப்பிலோ ஊக்கிகளைப் பற்றிய பாடம். நிலக்கரியை நீராவியோடும் ஒட்சிசனோடும் வினைபுரியச் செய்தால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கிடைக்கும். சூடான இரும்பு ஊக்கியின்மீது அவ்வாயுக்களைச் செலுத்தினால் அவை இணைந்து எரிநெய்யாகும். 1920களில் ஜேர்மனியில் பிஷ்சரும் துரொப்சும் கண்ட முறை இது. கோபாற்றும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் இரும்பு மலிவானது. நிலக்கரி வாயுவில் குறைவாயுள்ள ஐதரசனை நீராவியிலிருந்து பெருக்கியும் கொள்ளும்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், இரும்பாலை எண்ணெய் எடுக்கலாமெண்டால், உங்கட காலத்தில ஏன் எடுக்கேல்லை?”

வகுப்பு சிரித்தது. என்னாற் சிரிக்க முடியவில்லை.

எங்களிடம் நிலக்கரி இல்லை என்பது பாதி விடை. மீதி விடை தென்னாபிரிக்காவில் இருக்கிறது. அங்கே 1950இல் அரசு நிறுவிய சசோல், 1955இல் இரும்பு ஊக்கியைக்கொண்டு நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுத்தது. நிறவெறிக்கு எதிராக எண்ணெய்த் தடைகள் வந்தபோது, 1979இல் ஈரானும் கைவிட்டபோது, அவ்வரசைத் தாங்கியவற்றுள் இந்த ஆலைகளும் அடங்கும். நிலத்தடியில் கரி வெட்டிய கறுப்புத் தொழிலாளருக்கோ வாக்குரிமை இல்லை. 1980 யூனில் விடுதலைப் போராளிகள் அந்த ஆலைகளில் குண்டுவைத்ததன் பொருள் இதுவே.

ஒடுக்கியவர்மீது விழுந்த தடைக்குச் சுரங்கமும் மூலதனமும் விஞ்ஞானமும் விடை தந்தன. எங்கள்மீது விழுந்த தடைக்கு எங்களிடம் இருந்தது ஒரு போத்தலும் பஞ்சும். இரும்பு இரண்டையும் அறியாது. எவர் கையில் ஆலை இருக்கிறதோ, அவருக்கே அது எண்ணெய் தரும்.

ஊக்கி தாக்கத்தில் செலவாவதில்லை என்கிறது பாடநூல். உண்மையில் ஆலையின் இரும்பும் கரி படிந்து வலுவிழக்கும். அகற்றிப் புதிது இடுவார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளரின் கதையும் வேறல்ல.

பல ஆண்டுகள் இவற்றைச் சொல்லாமல், சமன்பாட்டை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்திருக்கிறேன். அது என் குற்றம். அன்று அந்தப் பிள்ளையின் கேள்வியைச் சமன்பாட்டின் கீழே எழுதிவிட்டு, மணி அடித்த பின்னரும் பேசிக்கொண்டிருந்தோம்.